பாதைக்கேற்ற எஞ்சின்

கிழக்கேகோட்டையில் பேருந்தை விட்டு இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்குள் நுழைந்தால், மலையாளத்தோடு தமிழும் காதில் விழும். திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் நாஞ்சில் நாட்டிலிருந்தும் வந்து, மூன்று நான்கு தலைமுறையாக இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பங்கள் நம்முடையவை. நமக்குத் தமிழ் பேசவும் வரும், வாசிக்கவும் வரும். நம் பேரப்பிள்ளைகளுக்குப் பேச மட்டுமே வரும். எழுத்தைக் காட்டினால் விழிப்பார்கள். பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும் படித்துவிட்டுக் களைத்து வரும் பிள்ளையிடம் நான்காவதாக ஓர் எழுத்தையும் படி என்றால், எந்தப் பிள்ளைதான் ஆசையோடு உட்காரும்?

இந்தக் கட்டுரை ஒரு பழைய கணிப்பொறியைப் பற்றியது. ஆனாலும் இதை எழுத வைத்தவர்கள் அந்தப் பிள்ளைகள்தான்.

ஓய்வு பெற்றபின் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். சிலேட்டைக் கொடுத்தால் கொட்டாவி விடுகிறவர்கள், விசைப்பலகையைக் கொடுத்தால் சண்டை போட்டு முன்னுக்கு வருவார்கள் என்பதை ஒரு நாள் தற்செயலாகக் கண்டுகொண்டேன். அந்த வாரமே சாலையில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அண்ணாச்சி, "சார், கடையில பழைய பில் போடுற கம்ப்யூட்டர் ஒண்ணு கெடக்கு. ஆக்ரிக்காரன்கிட்ட போடப்போறேன். ஒங்களுக்கு வேணும்னா எடுத்துக்கிடுங்க" என்றார். எடுத்து வந்துவிட்டேன்.

2003-ஆம் ஆண்டு வாக்கில் வாங்கிய பெட்டி அது. பென்டியம் 4 செயலி, 512 மெகாபைட் நினைவகம், 40 கிகாபைட் வன்தட்டு. அதில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. புதிய விண்டோஸ் எதுவும் அந்தப் பெட்டிக்குள் நுழையாது. ஆனால் இரும்பில் பழுது ஒன்றும் இல்லை. விசிறியில் தூசி தட்டி, மின்வழங்கியில் உப்பியிருந்த இரண்டு கெப்பாசிட்டரை மாற்றியதும் ஓடத் தொடங்கியது.

செங்கோட்டைப் பாதை கற்பித்த பாடம்

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் டீசல் எஞ்சின் பராமரிப்பில் காலம் கழித்தவன். புனலூரையும் செங்கோட்டையையும் இணைத்த மீட்டர் கேஜ் மலைப்பாதை நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 1904-இல் திறந்த பாதை. ஊருக்குப் போக வேண்டுமென்றால் அந்த வண்டிதான். சமவெளியில் அகலப் பாதையில் ஓடிய டபிள்யூ.டி.எம்.2 எஞ்சினின் எடை சுமார் 113 டன், திறன் 2600 குதிரைத்திறன். எவ்வளவு உயர்ந்த எஞ்சினானாலும் அதை அந்த மலைப்பாதையில் ஏற்ற முடியாது. பாதையின் அகலம் போதாது, பாலமும் தாங்காது. அங்கே ஓடியது ஒய்.டி.எம்.4. எடை 72 டன். திறனும் ஏறத்தாழ பாதிதான். ஏற்றத்தில் பின்னாலிருந்து தள்ள இன்னொரு எஞ்சினும் சேரும். அப்படித்தான் மலை ஏறினோம். 2010-இல் மீட்டர் கேஜ் நின்றது. 2018-இல் அகலப் பாதையாகத் திறந்தபின்தான் பெரிய எஞ்சின்கள் அங்கே வந்தன.

பாதை இருக்கிறபடி எஞ்சினை அமைக்க வேண்டும். கணிப்பொறிக்கும் இதே விதிதான் என்பது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

கெர்னல் என்பது என்ன?

கணிப்பொறியைத் திறந்தவுடன் நாம் காண்பது திரையும் சாளரங்களும். அவற்றுக்கு அடியில் கண்ணில் படாமல் வேலை செய்யும் நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். நிலைய அதிகாரி எந்த வண்டிக்கு எந்தத் தண்டவாளம் என்று ஒதுக்குவதுபோல, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், செயலியில் யார் முறை, வன்தட்டில் யார் எழுதலாம் என்பதையெல்லாம் தீர்மானிப்பது அதுதான்.

விண்டோஸின் கெர்னலை நாம் திறந்து பார்க்க முடியாது. லினக்ஸ் கெர்னல் அப்படியல்ல. ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்டில் அதை உலகுக்கு அறிவித்தார். தன்னிடமிருந்த இன்டெல் 386 கணிப்பொறிக்காக எழுதத் தொடங்கியது, இன்று 3 கோடி வரிகளுக்கும் மேல் வளர்ந்திருக்கிறது. யாரும் எடுக்கலாம், தன் பெட்டிக்கு ஏற்றபடி வெட்டித் தைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு. அதன் தந்தை எனப்படும் ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 ஜூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்தபோதுதான் இயக்கத்தின் இந்தியக் கிளை தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் கேரளப் பள்ளிகளின் கணிப்பொறிப் பாடம் லினக்ஸுக்கு மாறியது. 2019-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணிப்பொறிகளுக்குப் புதிய லினக்ஸ் பதிப்பு தயாரானது. ஆகவே எனக்கு அந்நியமாக இருந்த லினக்ஸ், என்னிடம் வரும் பிள்ளைகளுக்குப் பழகிய பண்டம்.

நாமே ஏன் தைக்க வேண்டும்?

முதலில் அண்ணாச்சியின் பெட்டியில் டெபியன் 12 என்ற லினக்ஸ் தொகுப்பை அப்படியே நிறுவினேன். 2023-இல் வந்த தொகுப்பு அது. நன்றாகவே ஓடியது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தபோதுதான் சிக்கல். 32-பிட் கணிப்பொறிகளுக்கான கெர்னலையும் நிறுவும் வசதியையும் அதில் கைவிட்டுவிட்டார்கள். எங்கள் பெட்டி 32-பிட். கடைக்காரர் அந்த அளவில் சட்டை தைப்பதை நிறுத்திவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் துணி இன்னும் கிடைக்கிறது. கெர்னலின் மூல நிரல் இன்னும் 32-பிட் செயலியை ஏற்றுக்கொள்கிறது. 6.12 என்ற நீண்டகாலப் பராமரிப்புப் பதிப்பை இறக்கி வைத்துக்கொண்டு, நானே தைக்க உட்கார்ந்தேன்.

அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகள் உண்டு. இந்த ஒலி அட்டை வேண்டுமா, அந்த வலை அட்டை வேண்டுமா என்று ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு விடை சொல்ல வேண்டும். எஞ்சினிலேயே நிரந்தரமாகப் பொருத்து, தனிப் பெட்டியாக வைத்துத் தேவைப்படும்போது கோத்துக்கொள், வேண்டவே வேண்டாம். தனிப் பெட்டிக்கு மாட்யூல் என்று பெயர். கடைத் தொகுப்பில் உலகத்திலுள்ள எல்லா வன்பொருளுக்குமாக ஆயிரக்கணக்கான மாட்யூல்கள் இருக்கும். நமக்கு வேண்டியவை சில டஜன்தான்.

வெட்டுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்பதை 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளை காட்டும். இப்போது எந்த மாட்யூல்கள் ஓடுகின்றன என்பதை 'எல்எஸ்மாட்' காட்டும். அந்தப் பட்டியலை 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்ற கட்டளையிடம் கொடுத்தால், ஓடுகிறவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மாட்யூல்களைக் கழித்துவிடும். மீதியை 'மேக் மெனுகான்ஃபிக்' திரையில் நாமே சரிபார்க்கலாம். நான் செய்த முக்கிய மாற்றங்கள் இவை:

செயலி வகையைப் பென்டியம் 4 என்று குறித்தேன்.

நினைவகம் 512 மெகாபைட்தான் என்பதால், 'உயர் நினைவகம்' என்ற ஏற்பாட்டை நிறுத்தினேன். 32-பிட் கெர்னலில் சுமார் 896 மெகாபைட்டுக்கு மேல் இருந்தால்தான் அது தேவை.

வன்தட்டின் இயக்கியையும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையையும் எஞ்சினிலேயே பொருத்தினேன்.

இன்டெல் திரை இயக்கியை விடவில்லை. கெர்னலின் வெறும் எழுத்துத் திரையில் அதிகபட்சம் 512 எழுத்து வடிவங்களே அடங்கும்; தமிழின் உயிர்மெய்யைச் சரியாகச் சேர்த்துக் காட்டவும் அதற்குத் தெரியாது. தமிழ் வேண்டுமென்றால் வரைகலைத் திரை வேண்டும்.

இசட்ராம் என்ற வசதியைச் சேர்த்தேன். நினைவகம் நிரம்பும்போது, மெதுவான வன்தட்டுக்குத் தள்ளாமல் நினைவகத்துக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஏற்பாடு இது.

பிறகு தொகுக்க வேண்டும். முதல் தடவை அந்தப் பழைய பெட்டியிலேயே தொகுக்க விட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தாலும் முடியவில்லை. அடுத்த தடவை என் மகனின் மடிக்கணினியில், 32-பிட்டுக்கு என்று குறிப்புக் கொடுத்துத் தொகுத்து எடுத்து வந்தேன். காப்பி குடிக்கும் நேரத்தில் முடிந்தது.

பென்டிரைவ் கற்பித்த பாடம்

2025 தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. பிள்ளைகள் தங்கள் ஆச்சி, தாத்தாவுக்கு வாழ்த்துக் கடிதம் தட்டச்சு செய்வது என்று ஏற்பாடு. சிலர் வீட்டிலேயே எழுதிப் பென்டிரைவில் கொண்டு வந்திருந்தார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தென்காசிப் பக்கம் இருக்கும் தன் ஆச்சிக்கு, பிறரைக் கேட்காமல் தானே எழுதிய முதல் தமிழ்க் கடிதம் அதில் இருந்தது. ஆச்சிக்குத் தமிழ் தவிர வேறெதுவும் வாசிக்கத் தெரியாது.

பென்டிரைவைச் செருகினோம். பெட்டி கண்டுகொள்ளவே இல்லை. "தாத்தா, எல்லாம் போச்சா?" என்று கேட்டாள். முகம் வாடிவிட்டது.

கடிதம் எங்கும் போகவில்லை, பிழை என்னுடையது. எல்எஸ்மாட் பட்டியல் எடுத்த அன்று அந்தப் பெட்டியில் பென்டிரைவ் எதையும் நான் செருகியிருக்கவில்லை. அதனால் அதற்கான மாட்யூல் பட்டியலில் இல்லை. லோக்கல்மாட்கான்ஃபிக் அதைக் கழித்துவிட்டது. பென்டிரைவில் வழக்கமாக இருக்கும் 'விஃபாட்' கோப்பு முறையும், அதற்குத் துணையான எழுத்துக் குறிமுறை மாட்யூல்களும் கூடவே போய்விட்டன. ஷெட்டுக்கு வந்த நாளில் மழை பெய்யவில்லை என்பதற்காக எஞ்சினின் வைப்பரைக் கழற்றி எறிந்த கதைதான்.

காப்பாற்றியது பழைய ரயில்வே பழக்கம். புதிய பாதையைப் பாதுகாப்பு ஆணையர் பார்த்து ஒப்புதல் தரும்வரை அதில் பயணிகள் வண்டியை விடமாட்டோம். அந்த நினைப்பில், டெபியன் தந்த பழைய கெர்னலை அழிக்காமல் வைத்திருந்தேன். பெட்டியைத் திரும்பத் திறந்து, தொடக்கப் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். பென்டிரைவ் திறந்தது, கடிதமும் வந்தது. மேத்தன் மணிக் கடிகாரத்துக்குப் பக்கத்து நகலகத்தில் அச்செடுத்து, மறுநாள் தபாலில் சேர்த்தோம்.

அதன்பிறகு அளவெடுக்கும்போது பென்டிரைவ், அச்சுப்பொறி, ஒலிபெருக்கி என்று பிள்ளைகள் பயன்படுத்தக்கூடிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செருகிய பிறகுதான் பட்டியல் எடுக்கிறேன்.

லாபம் எவ்வளவு?

வாசகர்களிடம் மறைக்கக் கூடாது. கெர்னலைத் தைத்ததால் பெட்டி பறக்கவில்லை. பயன்படாத மாட்யூல் வன்தட்டில் தூங்கும், நினைவகத்தைத் தின்னாது. ஆகவே அவற்றை வெட்டியதால் தொகுக்கும் நேரமும் வன்தட்டில் இடமும் மிச்சமாயின. திறக்கும் நேரம் ஓரளவு குறைந்தது. அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரிந்த வேகம், எளிய சாளர நிரலைப் போட்டதாலும், இணையத்தை அந்தப் பெட்டியில் தொடாததாலும் வந்தது. இக்கால இணைய உலாவிக்கு 512 மெகாபைட் போதாது.

சொந்தமாகத் தைத்தவருக்குக் கடமையும் உண்டு. பாதுகாப்புத் திருத்தம் வரும்போதெல்லாம் நாமே திரும்பத் தொகுக்க வேண்டும். இணையத்தோடு இணைத்த பெட்டியில் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆகவே எல்லோரும் கெர்னலைத் தைக்கக் கிளம்ப வேண்டாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு முடிந்ததால், உங்கள் வீட்டிலும் கடையிலும் பல பெட்டிகள் மூலைக்குப் போகக் காத்திருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை 64-பிட். அவற்றுக்குத் தையல் வேண்டாம். லினக்ஸை அப்படியே நிறுவினால் போதும். முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். பிறகு நிறுவாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பாருங்கள். 20 ஆண்டுக்கு முந்தைய 32-பிட் பெட்டிக்குத்தான் நான் செய்த வேலை தேவைப்படும்.

லினஸ் டோர்வால்ட்ஸ் எந்த 386 செயலிக்காக எழுதத் தொடங்கினாரோ, அந்தச் செயலிக்கான ஆதரவையே 2012 டிசம்பரில் கெர்னலிலிருந்து நீக்கிவிட்டார்கள். எங்கள் பென்டியம் 4-க்கும் ஒரு நாள் அந்த முறை வரும். மீட்டர் கேஜும் போகத்தானே செய்தது? ஆனால் அது போகும் நாள்வரை எத்தனையோ குடும்பங்களை ஊருக்குக் கொண்டு சேர்த்தது.

தீபாவளி கழிந்து சில நாளில் தென்காசியிலிருந்து ஆச்சியின் பதில் வந்தது, கையெழுத்தில். திண்ணையில் உட்கார்ந்து அந்தப் பெண்ணே எழுத்துக்கூட்டி வாசித்தாள். பேத்தி 'வாள்த்து' என்று எழுதியிருந்ததைத் திருத்தி, பத்து முறை சரியாக எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார் ஆச்சி. அவள் அதை விசைப்பலகையில் அடிக்கவில்லை. சிலேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினாள்.

உங்கள் கடையில் பழைய பெட்டி இருந்தால், ஆக்ரிக்காரரை அழைப்பதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் இன்னும் இடம் இருக்கிறது.