வீட்டு ஜெனரேட்டரைப் பேணும் முறை

மழைக்காலம் நெருங்குமுன் கூரையைச் செப்பனிடுவதும் வாய்க்காலைத் தூர் வாருவதும் நம் முன்னோர் வழக்கம். தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பள்ளிக்கரணை ஆகிய பகுதிகளில் வாழும் நமக்கு இன்று மற்றுமொரு கடமையும் சேர்ந்துள்ளது. மாடிப்படியின் கீழே தூசி படிந்து கிடக்கும் ஜெனரேட்டரை எடுத்துச் சோதித்து வைப்பதே அது.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் சூழ்ந்தது. மறு ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்தபோது மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை புறநகரை மீண்டும் நீரில் ஆழ்த்தியது. இம்மூன்றும் டிசம்பரின் முதற் பாதியில் நேர்ந்தவை. ஆதலால் அக்டோபர் மாதத்திலேயே நாம் ஆயத்தமாதல் நன்று.

முதியோரும் நோயாளரும் உள்ள இல்லங்களுக்கு ஜெனரேட்டர் ஆடம்பரப் பொருளன்று, அத்தியாவசியத் துணை. ஆனால் பேணாது விட்டால் வேண்டிய வேளையில் அது ஓடாது. தவறாகக் கையாண்டால் உயிரையே பறித்துவிடும். இவ்விரண்டையும் தவிர்க்கும் வழிகளைக் காண்போம்.

பாட்டரி

சுவிட்சைத் திருப்பியதும் எஞ்சினைச் சுழலச் செய்வது பாட்டரியே. ஓடாமல் கிடந்தாலும் பாட்டரி சிறிது சிறிதாகத் தன் சக்தியை இழக்கும். 12 வோல்ட் பாட்டரி நிறைந்த நிலையில், ஓய்விலிருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது வெறுமையானதற்கு ஒப்பாகும். அந்நிலையில் நெடுநாள் கிடந்தால் உள்ளிருக்கும் ஈயத் தகடுகள் கெட்டுப் பின் சார்ஜ் ஏறாமற் போகும்.

மூடி திறக்கும் வகையாயின் மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்க்க வேண்டும். தகடுகள் வெளியே தெரியலாகாது. குறைந்த நீரை டிஸ்டில்டு வாட்டர் கொண்டே நிரப்புக. குழாய் நீரும் கிணற்று நீரும் ஆகா. அவற்றிலுள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். ஆசிட்டை நாமே ஊற்றுவதும் கூடாது. இன்வெர்ட்டர் பாட்டரிக்கும் இவ்விதியே பொருந்தும்.

நீர்மட்டம் பார்க்கத் தீக்குச்சி கிழிப்போர் உண்டு. இது பேராபத்து. சார்ஜ் ஏறும்போது பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படுகிறது. காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே ஒரு சிறு பொறியில் வெடிக்கும். ஆகவே டார்ச் விளக்கே ஏற்றது, காற்றோட்டமும் தேவை. வேலை தொடங்குமுன் மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைக்க வேண்டும். இணைப்பை எடுக்கும்போது நெகட்டிவ் முனையை முதலிலும், மாட்டும்போது அதனைக் கடைசியிலும் கையாள வேண்டும். ஆசிட் கண்ணில் தெறித்தால் தாமதமின்றிக் குறைந்தது பதினைந்து நிமிடம் தூய நீரால் கழுவி, மருத்துவரிடம் விரைக.

எஞ்சின்

எஞ்சினுக்கு ஆயில் இரத்தம் போன்றது. சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டுமுன் அதன் அளவைப் பார்த்தல் வேண்டும். பெரும்பாலான சிறு எஞ்சின்களுக்கு முதல் 20 மணி நேர ஓட்டத்திலும், பின்னர் 100 மணி நேரத்துக்கு அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் ஆயில் மாற்றுவது முறை. உங்கள் இயந்திரத்தின் கையேடு கூறுவதே முடிவானது. புயற்காலத்தில் நாள் முழுதும் ஓட்ட நேரிட்டால், பெட்ரோல் நிரப்பும்போதெல்லாம் ஆயிலையும் பார்த்துவிடுங்கள்.

பெட்ரோல் நெடுநாள் தேங்கினால் பிசுபிசுத்துக் கார்புரேட்டரை அடைத்துவிடும். இப்போது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். எனவே பல வாரங்கள் ஓட்டாதிருப்பின் டாங்கியையும் கார்புரேட்டரையும் வடித்துவிடல் நலம். எஞ்சின் ஓடும்போதோ, சூடாயிருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றவே கூடாது. மாதம் ஒருமுறை, விளக்கு, மின்விசிறி ஆகியவற்றின் பளுவை ஏற்றி, பதினைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

மழை கொட்டும்போது ஜெனரேட்டரை வராந்தாவுக்குள் இழுத்து வைக்கத் தோன்றும். அதுவே உயிருக்கு உலை வைக்கும். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குவோர் விழிக்காமலே மடிவர். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை லாரா சூறாவளி தாக்கியபோது, புயலுக்குத் தப்பிய பலர் தம் வீட்டு ஜெனரேட்டரின் புகையால் மாண்டனர்.

ஜன்னலைத் திறந்து வைப்பது மட்டும் போதாது. வாசலிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் இருபதடி தள்ளி, மழை படாத மறைப்பின் கீழ், புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறம் நோக்குமாறு நிறுத்துங்கள். அடுத்த வீட்டாரின் ஜன்னலையும் கருதிப் பாருங்கள். சிறு மனைகளில் இத்தகைய இடம் இல்லையெனில், இன்வெர்ட்டரோடு நிறைவடைவதே அறிவுடைமை. தலைவலி, மயக்கம், குமட்டல் தோன்றினால் உடனே அனைவரும் வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவ உதவி நாடுக.

கம்பத்தின் மேல் இருப்பவர்

சிலர் ஜெனரேட்டரிலிருந்து ஒரு கம்பியை இழுத்துச் சுவர்ப் பிளக்கில் செருகிவிடுகின்றனர். அந்த மின்சாரம் நம் வீட்டோடு நில்லாது. வெளியேறித் தெரு டிரான்ஸ்பார்மரை அடைந்து, அங்கே 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். கொட்டும் மழையில் நமக்காகக் கம்பம் ஏறும் மின்வாரிய ஊழியர், இறந்த கம்பியென எண்ணி அதனைத் தொட்டால் என்னாகும்? அவருக்கும் நம்மைப் போல் குடும்பம் உண்டன்றோ? தேர்ந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச் ஓவர் சுவிட்சு பொருத்தாமல் வீட்டு வயரிங்கில் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது.

வெள்ளம் வந்தால்

2015-இல் நீர் எட்டிய குறி இன்னும் சுவரில் இருந்தால், அதற்கும் மேலான மேடையில் ஜெனரேட்டரை வையுங்கள். ஒருமுறை நீரில் மூழ்கிவிட்டால் ஓட்டிப் பார்க்க முனைய வேண்டா. நீர் கலந்த ஆயில் பால் போல் வெளுத்திருக்கும். அதனோடு ஓட்டினால் எஞ்சின் முழுதும் பாழாகும். மெக்கானிக் பிரித்துச் சுத்தம் செய்த பின்னரே இயக்குக.

மாதத்தின் முதல் சனிக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். தந்தை செய்வதைப் பிள்ளைகள் பார்த்துக் கற்கட்டும். தாயும் இயக்கவும் நிறுத்தவும் அறிந்திருக்கட்டும். நம் வீட்டில் எரியும் விளக்கு, வீட்டில் உறங்குபவருக்கும் கம்பத்தில் உழைப்பவருக்கும் தீங்கு செய்யாத விளக்காய் எரிதல் வேண்டும்.