சிறுமியர் தாயாகும் அவலம்

பெண்களின் விவாக வயதைப் பற்றிய வாதம் நம் தேசத்துக்குப் புதிதன்று. 1891-ல் சம்மத வயது 10-லிருந்து 12-ஆக உயர்த்தப்பட்டபோது, அந்நிய சர்க்கார் நம் குடும்ப விஷயங்களில் தலையிடலாகாது என்று திலகர் போன்ற பெரியோரே எதிர்த்தனர். 1929-ல் சாரதா சட்டம் பெண்ணின் விவாக வயதை 14 ஆக்கிற்று. 1978-ல் அது 18 ஆயிற்று. இன்று சர்க்காரும் நம்முடையது, சட்டமும் நம்முடையது. பிறரைக் குறைகூறித் தப்ப நமக்கு வழியில்லை.

2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 6.8 பேர் தாயானவர்கள் அல்லது கர்ப்பவதிகள். 2005-06-ல் இத்தொகை 16. குறைந்திருப்பது மகிழத்தக்கதே. ஆயினும் பள்ளிக்கூடமே காணாத பெண்களில் இது 18. பன்னிரண்டு வகுப்புகள் படித்தவர்களில் 4. நோயின் மூலமும் மருந்தும் இந்த வித்தியாசத்திலேயே அடங்கியிருக்கின்றன.

பெண்ணின் ஒழுக்கக் கேடே இதற்குக் காரணம் என்று சிலர் எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். இதை நாம் அடியோடு மறுக்கிறோம். நம் நாட்டில் இச்சிறுமியரில் மிகப் பெரும்பாலோர் பெற்றோரே மணமுடித்துக் கொடுத்தவர்கள். வறுமை, வயது ஏற ஏற வரதட்சிணையும் ஏறுமென்ற கவலை, குடும்ப மானத்தைப் பற்றிய பயம் ஆகியவை பெற்றோரை அவசரப்படுத்துகின்றன. பிள்ளை பெற்றாலன்றிப் புக்ககத்தில் மதிப்பில்லை என்றறிந்த பெண், வேண்டாமென்று சொல்லத் துணிவதில்லை.

மணமாகாத சிறுமியின் துயரம் வேறு. அவள் உடலைப் பற்றி அவளுக்கு எவரும் எடுத்துரைப்பதில்லை. வீட்டில் பரிவு காணாதவள், வெளியில் பரிவென்று தோன்றுவதை நம்பிவிடுகிறாள். பலாத்காரத்துக்கு இரையாகிறவர்களும் உண்டு. பின்னர் அச்சமும் வெட்கமும் அவள் வாயை அடைக்கின்றன. வைத்தியரை நாடவேண்டிய மாதங்கள் மறைப்பதிலேயே கழிகின்றன. இவ்வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்த சோகையுள்ளவர்கள் என்பதை நினைத்தால், இத்தாமதத்தின் அபாயம் விளங்கும்.

2012-ல் இயற்றப்பட்ட போக்ஸோ சட்டம் குழந்தைகளைக் காக்க வந்தது, அவசியமானது. ஆனால், ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வருமென்ற பயத்தால் சிறுமியர் போலி வைத்தியரிடம் போவார்களாயின், காவலே ஆபத்தாகிவிடும். கருக்கலைப்பு நாடும் சிறுமியும் அவளது காப்பாளரும் கோரினால் அவள் பெயரை வைத்தியர் போலீஸாருக்கு வெளியிட வேண்டியதில்லை என்று 2022-ல் சுப்ரீம் கோர்ட் கூறியது. இச்செய்தி ஒவ்வொரு கிராமத்துக்கும் எட்டவேண்டும்.

தமிழ்நாட்டில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989 முதல் விவாகத்துக்கு அளிக்கப்பட்ட உதவி, 2022-ல் கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாயாக மாற்றப்பட்டது. இது நியாயமான மாறுதல். ஆனால் பணம் மட்டும் போதாது. மேற்கு வங்காளத்தில் 2013 முதல் கன்யாஸ்ரீ உதவி வழங்கப்பட்டும், 2019-21 கணக்கில், 20 முதல் 24 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40-க்கு மேற்பட்டோர் 18 நிறையுமுன் மணமானவர்களாகவே இருந்தனர்.

தேச ஊழியர்களுக்கு நாம் கூறுவது ஒன்று. மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு, மறுநாள் 16 வயதுப் பெண்ணின் கல்யாணப் பந்தலில் முன்வரிசையில் அமர்வது பெரும் வஞ்சனை. அத்தகைய பந்தலுக்குச் செல்ல மறுப்பதோடு, அக்கல்யாணத்தை நிறுத்தி அப்பெண்ணை மீண்டும் பள்ளிக்கு அனுப்புவதும் அவர்கள் கடமை.