ஒற்றை ஸ்பீக்கரில் கித்தார் காணாமல் போவது ஏன்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதலில் செய்வது பாட்டுக் கேட்பது. அடுத்து வருவது, நாமே ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்து பார்க்கும் ஆசை. என் அத்தை மகனுக்கும் அந்த ஆசை வந்தது. திருவையாற்றுக்குப் பக்கத்தில் கிராமம். மாரியம்மன் கோயில் திருவிழாவில் போடுவதற்காக நண்பர்களோடு சேர்ந்து ஒரு பக்திப் பாடலைத் தயார் செய்தான். கித்தார் அவனுடையது. பதிவு என் கம்ப்யூட்டரில், ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் நடந்தது.

கித்தார் ஒலி இன்னும் அகலமாகக் கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. நான் ஒரு வித்தை செய்தேன். கித்தார் டிராக்கை காப்பி செய்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் தள்ளினேன். வலப்பக்கத்தை மட்டும் 'இன்வெர்ட்' என்ற எபெக்ட் கொடுத்துத் தலைகீழாக்கினேன். மேலே கொஞ்சம் கோரஸ். இரண்டு ஸ்பீக்கரில் கேட்டபோது கித்தார் அறை முழுக்கப் பரவி நின்றது. பென் டிரைவில் போட்டு மைக் செட்காரரிடம் கொடுத்துவிட்டோம்.

தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் பாட்டு வந்தது. குரல் கணீரென்று கேட்டது. கித்தாரைக் காணோம். "ஏண்டா, நீ வாசிக்கவே இல்லையா?" என்று அத்தை கேட்டதும் அவன் முகம் சுருங்கிவிட்டது. மூன்று மாதம் பழகி வாசித்தது. நாங்கள் இருவரும் மைக் செட்காரரிடம் சண்டைக்குப் போனோம். அவர் மீது தப்பே இல்லை. தப்பு என் பைலில் இருந்தது. எஞ்சினியரிங்கில் இதே கணக்கைப் போட்டு மார்க் வாங்கியவன் நான் என்பதுதான் வெட்கம்.

பைலுக்குள் என்ன இருக்கிறது?

ஒலி என்பது காற்றழுத்தம் கூடிக் குறைவது. கம்ப்யூட்டர் அதை எண்களாக எழுதி வைக்கிறது. ஆடியோ சிடியில் ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 44,100 எண்கள். ஸ்டீரியோ என்றால் இடப்பக்கத்துக்கு ஒரு வரிசை, வலப்பக்கத்துக்கு ஒரு வரிசை. அழுத்தம் கூடினால் எண்ணுக்கு முன் கூட்டல் குறி, குறைந்தால் கழித்தல் குறி.

மோனோ ஆம்ப்ளிபயர் ஒரே வரிசையைத்தான் வாசிக்கும். எனவே ஸ்டீரியோ பைலின் இரண்டு வரிசைகளும் எங்கோ ஓரிடத்தில் கூட்டப்படுகின்றன. இடப்பக்கம் 500, வலப்பக்கமும் 500 என்றால் கூட்டினால் 1000. பாடகரின் குரல் பெரும்பாலும் இரு பக்கமும் ஒரே அளவில்தான் இருக்கும், அதனால் அது பலமாக வந்தது. நான் தலைகீழாக்கிய கித்தாரோ இடப்பக்கம் 500, வலப்பக்கம் கழித்தல் 500. கூட்டினால் பூஜ்யம். ஒலி குறையவில்லை, முழுசாக அழிந்தே போனது. கோரஸ் விட்டுச் சென்ற லேசான மிச்சம்தான் குழாயில் எங்கோ கேட்டிருக்கிறது.

தஞ்சாவூர் சிவகங்கைக் குளத்தில் இரண்டு கற்களைப் போட்டுப் பாருங்கள். ஓர் அலையின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் அசையாமல் நிற்கும். அதேதான் இது. இதை ஒலிக்காரர்கள் ஃபேஸ் பிரச்சினை என்பார்கள். (அடித் தொனியைக் குறிக்கும் பேஸ் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அப்படியானால் வீட்டில் ஏன் நன்றாகக் கேட்டது? இரண்டு ஸ்பீக்கரும் தள்ளித் தள்ளி இருந்தன. சுவரில் பட்டும் ஒலி திரும்பி வருகிறது. காற்றில் அவை முழுசாக அழித்துக்கொள்வதில்லை. இரு காதுக்கும் உள்ள வித்தியாசத்தை மூளை 'அகலம்' என்று எடுத்துக்கொள்கிறது. ஹெட்போனில் கலப்பே கிடையாது. அங்கே இந்தத் தவறு அநேகமாகத் தெரியவே தெரியாது.

தாமதமும் எதிரிதான்

தலைகீழாக்கினால்தான் என்றில்லை. ஒரே ஒலியை ஒரு பக்கம் சிறிது தாமதித்தாலும் பிரச்சினை வரும். 1 மில்லி செகண்ட் தாமதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸ் ஒலிகள் அழியும். 1000, 2000 ஹெர்ட்ஸ் இரட்டிப்பாகும். சீப்பின் பற்கள் போல இடைவெளி விட்டு ஓட்டை விழுவதால் கித்தார் தகர டப்பாவுக்குள் வாசித்தது போல ஆகிவிடும். டிலே, கோரஸ், பிளேஞ்சர் எல்லாமே தாமதத்தை வைத்துச் செய்யும் வேலைகள்தான்.

1975-ல் வந்த ரோலண்ட் ஜேசி-120 என்ற கித்தார் ஆம்ப்ளிபயரில் இரண்டு ஸ்பீக்கர்கள் உண்டு. கோரஸ் போட்டால் ஒன்றில் நேர் ஒலி, மற்றதில் தாமதம் கூடிக் குறையும் ஒலி. இரண்டும் அறையின் காற்றில் கலப்பதில்தான் அதன் அழகே. ஒயரில் கூட்டினால் அந்த அழகு போய்விடும். இன்னும் சில கோரஸ் பெடல்களில் எபெக்ட் ஒலி ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் தலைகீழாகவும் வரும். மோனோவில் கோரஸ் மட்டும் மறைந்து வெறும் கித்தார் மிஞ்சும். இது பரவாயில்லை, வாசித்ததாவது கேட்கும்.

மைக்கிலும் இதே கதை. ஒலி 1 மில்லி செகண்டில் சுமார் 34 செ.மீ. போகும். திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்ன கீர்த்தனைகளை வித்வான்கள் வரிசையாக உட்கார்ந்து பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல் பாடும்போது ஒருவர் குரல் பக்கத்து மைக்கிலும் தாமதமாக விழும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் போல் மூன்று மடங்காவது மைக்குகளுக்கு இடையே இருக்கட்டும் என்பது ஒலிப்பதிவாளர்களின் பழைய கணக்கு.

மிக்சரிலிருந்து பதிவு செய்பவர்களுக்கு

கல்யாண வீட்டு நாதஸ்வரக் கச்சேரியை மிக்சரிலிருந்து நேராக லேப்டாப்பில் எடுப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். பெரிய மிக்சர்களில் 'பேலன்ஸ்டு' அவுட்புட் இருக்கும். அதில் ஒரே ஒலி ஓர் ஒயரில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் வரும். ஒயரில் புகும் இரைச்சலை நீக்க அந்த ஏற்பாடு. அதைச் சாதாரண ஸ்டீரியோ பின்னில் இணைத்து லைன் இன்னில் செருகினால் நேர் ஒலி இடப்பக்கமும் தலைகீழ் ஒலி வலப்பக்கமும் பதிவாகும். ஹெட்போனில் கச்சேரி கேட்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள செல்போனில் போட்டால் மயான அமைதி. பயந்து பைலை அழித்துவிடாதீர்கள். கச்சேரி பத்திரமாக உள்ளே இருக்கிறது.

சோதிப்பதும் சரிசெய்வதும்

ஆடாசிட்டியில் பைலைத் திறந்து, அனைத்தையும் செலக்ட் செய்து, டிராக்ஸ் மெனுவில் மிக்ஸ் என்பதற்குள் 'மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ' கொடுங்கள். அலைக்கோடு படுத்துவிட்டால் அல்லது ஏதாவது ஒரு வாத்தியம் மறைந்தால் ஃபேஸ் தவறு. கன்ட்ரோல் இசட் அழுத்திப் பழையபடி வந்துவிடுங்கள். பிறகு டிராக்கின் பெயருக்கு அருகில் உள்ள மெனுவில் 'ஸ்பிளிட் ஸ்டீரியோ டு மோனோ' கொடுத்தால் இரண்டு தனி டிராக்குகள் கிடைக்கும். மேலே சொன்ன கச்சேரிக்கு அதில் ஒன்றை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது. பாட்டில் ஒரு வாத்தியம் மட்டும் மறைந்தால் முழுப் பாட்டையும் இன்வெர்ட் செய்து பயனில்லை, குரல் அழிந்துவிடும். (கரோக்கி செய்பவர்கள் வேண்டுமென்றே செய்வது அதைத்தான்.) அந்த வாத்தியத்தின் தனி டிராக்கில்தான் திருத்த வேண்டும். எனவே தனி டிராக்குகளை என்றும் அழிக்காதீர்கள்.

பைலைத் தொடாமல் கேட்டுப் பார்க்கவும் வழி உண்டு. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, ஆடியோ என்று போனால் 'மோனோ ஆடியோ' சுவிட்ச் இருக்கிறது. பதிவு முடிந்ததும் ஒரு முறை அதைப் போட்டுக் கேளுங்கள்.

மேடையில் எபெக்ட் பெடல் வைத்து வாசிப்பவர்கள், ஆம்ப்ளிபயர் மோனோ என்றால் பெடலின் இரண்டு அவுட்புட்டையும் ஒய் கேபிளில் சேர்க்கக் கூடாது. பெரும்பாலான ஸ்டீரியோ பெடல்களில் ஓர் அவுட்புட்டில் 'மோனோ' என்று எழுதியிருக்கும். அதை மட்டும் செருகினால் போதும்.

எங்கள் பாட்டில் தலைகீழ் டிராக்கை நீக்கிவிட்டு, கித்தாரை நடுவில் வைத்து, மறுநாள் சாயங்காலம் மைக் செட்காரரிடம் புதுப் பைலைக் கொடுத்தோம். "அண்ணே, நேத்து பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தோம். தேர் நிலைக்கு வரும் நேரத்தில் போட்டார். கித்தார் நன்றாகவே கேட்டது. அத்தைக்கு இப்போது வேறு குறை: "சத்தம் பாட்டையே அமுக்குதே, கொஞ்சம் மெதுவா வாசிச்சிருக்கக் கூடாதா?"