திண்ணையோரமாக ஒரு நடை – 9
கடுக்காய்த் தண்ணீர்

போன வாரம் புதுச்சேரியில் ஒரு மரபு நடையில் கால்வாயைத் தாண்டி, வைசியாள் தெரு முனையில் நின்றோம். தொடர்ந்து படிப்பவர்களுக்கு அது போதும். புதிதாகப் படிப்பவர்களுக்கு: அந்தத் தெருவில் கீழே திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழ் வீடு, மேலே வளைவு ஜன்னலோடு பிரெஞ்சு மாடி. அந்த ஜன்னல்களைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் கை வேறு பக்கம் போகிறது. காரணம், ஒரு பீங்கான் கிண்ணம்.

மரபு நடை முடிந்ததும் எங்களை ஒரு பழைய வீட்டின் கூடத்துக்கு அழைத்துப் போனார்கள். சுவரில் அந்தத் தெருவின் பழைய படங்கள், புதுப்பிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்தவை. இருபது வீடுகளின் முகப்பைச் சீராக்கி, இடிந்த தாழ்வாரங்களை மீண்டும் எழுப்பி, 2008-இல் யுனெஸ்கோவின் பாராட்டையும் பெற்ற தெரு அது. எல்லோரும் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மூலையிலிருந்த மேசைக்குப் போனேன். நீற்றிய சுண்ணாம்பு, சலித்த மணல், செங்கல் தூள், கருப்பட்டி. கடைசியாக அந்தக் கிண்ணம். உள்ளே பழுப்பு நிறத்தில் தண்ணீர், அடியில் உடைத்த காய்கள். மூக்கருகே கொண்டு போனதும் என் கால் நாற்பது வருடம் பின்னால் போய் நின்றது.

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு மாடிக்குச் சுருக்கித் தளம் போட்ட சமயம், நான் மூன்றாம் வகுப்பு. கொல்லையில் இரண்டு பீப்பாய் நிறையக் கடுக்காய் ஊறிக்கொண்டிருந்தது. பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தை மரக்கட்டையால் தட்டிக்கொண்டே நகர்வார்கள். ஒருத்தி பின்னாலேயே வந்து கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பாள். காலையில் ஆரம்பித்த தட்டும் சத்தம் பொழுது சாயும்வரை ஓயாது. அந்த மாடி நான் கல்லூரிக்குப் போகும்வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மேசையருகே இருந்த பெரியவர் கொத்தனார். என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“இது எங்க கிடைக்குதுங்க அண்ணே?”

“நாட்டு மருந்துக் கடையிலதான் சார். மலையிலேர்ந்து வருதும்பாங்க.”

“கல்வராயன் மலையில இது காடு காடா இருக்கு. எங்க ஊருக்கு மேலதான்.”

“அப்படியா! நல்ல காயா ஒரு மூட்டை அனுப்பிவைங்க சார்.”

பிறகு பூசிக் காய்ந்த ஒரு பலகையை எடுத்து என் கையில் வைத்தார். விரல் வழுக்கியது. சலவைக்கல் என்றால் நம்பியிருப்பேன். இதே பளபளப்பைக் கடலிலிருந்து கண்டவர் ஒருவர் உண்டு. கேப்டன் குக்கோடு தென்கடல்களைச் சுற்றிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், 1780-83 ஆண்டுகளில் இந்தியாவில் பயணம் செய்தவர். கப்பலிலிருந்து பார்த்த சென்னை, தூண்களும் வெண்மையுமாக அவருக்குப் பழைய கிரேக்க நகரத்தை நினைவூட்டியது. அந்த வெண்மையில் சலவைக்கல் எதுவும் இல்லை. அத்தனையும் செங்கல்மேல் நம் கொத்தனார்கள் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய சுண்ணாம்புப் பளபளப்பு.

சுண்ணாம்பின் கதையைப் படித்ததிலிருந்து எனக்கு இந்த வாரம் வேறு எதிலும் மனம் ஓடவில்லை. கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சியதைத் தண்ணீர் விட்டு நீற்றிச் சுவரில் பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. பூசி வருடக்கணக்கானாலும் சுவருக்குள் அந்த வேலை நடந்துகொண்டே இருக்கும். கடுக்காயும் வெல்லமும் சேர்ந்து புளித்த தண்ணீர் காரையைக் குழைவாக்குகிறது. சட்டென்று இறுகிவிடாமல் கொத்தனாருக்குத் தேய்க்க நேரம் கொடுக்கிறது, வெடிப்பையும் குறைக்கிறது. மருந்துக்கென்றால் கொட்டையை நீக்குவார்கள். காரைக்கு அப்படியே உடைத்துப் போடலாம்.

பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. செங்கல் உறிஞ்சும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியே போய்விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். கடலோர ஊரில் உப்பு வேறு. இரண்டு மழைக்குள் பெயிண்ட் உரிந்து, பொருக்கு விட்டு, செங்கல் மாவாகக் கொட்ட ஆரம்பிக்கும். பழைய கட்டடம் ஒன்று போவது எப்படி இருக்கும் என்று புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரியும், 2014 நவம்பர் 29-ஐ அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடற்கரையில் 1870-களிலிருந்து நின்ற மேரி என்ற பழைய நகராட்சிக் கட்டடம் அன்று மழையில் இடிந்து விழுந்தது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் அடுத்த வருடமே மரபுத் திருவிழா தொடங்கியது, மரபு நடைகளுக்கும் கூட்டம் கூடியது. மேரியை மறுபடி எழுப்பி 2021-இல் திறந்தார்கள். அதனால்தான் சொல்கிறேன்: மரபு நடைக்குப் போகிறவர்கள் மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்வதோடு திரும்பிவிடாதீர்கள். பூச்சு உதிர்ந்த ஓர் இடத்தைத் தேடி, உள்ளே இருப்பதைத் தொட்டுப் பாருங்கள்.

விழுப்புரத்தில் பஸ் மாறி, கள்ளக்குறிச்சியில் மாறி ஊர் சேர இருட்டிவிட்டது. மறுநாள் காலை வெள்ளிமலை பஸ் வந்து நின்றபோது, மலையிலிருந்து ஓர் அம்மா சாக்குப் பையோடு இறங்கினார். வாய் கட்டாத பை. எட்டிப் பார்த்தேன், வரிவரியாகக் கடுக்காய்.

“என்னா தம்பி, மருந்துக்கா?”

“இல்லம்மா, சுவருக்கு.”

கை நிறைய அள்ளிக் கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார். வற்புறுத்தித்தான் கொடுத்தேன். வீட்டில் உடைத்து ஊறப்போட்டிருக்கிறேன். இன்று நான்காவது நாள், வாடை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. பின்பக்கச் சுவரில் முழ அகலத்துக்குப் பூச்சு உதிர்ந்திருக்கிறது. கொத்தனார் ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

ஜன்னல்கள் அடுத்த வாரம்.