பாலம் இரண்டு, சாலை ஒன்று: தைப்பூசத்தில் பினாங்குப் பயணம் ஏன் திணறுகிறது?

தைப்பூச விடுமுறையில் குடும்பத்தோடு காரில் பினாங்குக்குப் புறப்படுவோர் பலருக்கும் பழகிப்போன அனுபவம் இது: நெடுஞ்சாலையில் விரைந்து வந்த வண்டி, கடைசிச் சில மைல்களில் நத்தையாக ஊர்கிறது. சுற்றுலா வந்தவருக்கு இது எரிச்சலோடு போய்விடும். ஆனால் விரதமிருந்து பால்குடம் எடுக்க வருபவருக்கும், வெயில் ஏறுமுன் தண்ணீர்மலையின் 513 படிகளை ஏறிவிட நினைக்கும் முதியவருக்கும் அந்த இரண்டு மணி நேரத் தாமதம் பெரிய சோதனை.

நெரிசலுக்கு முதல் காரணம் தீவின் அமைப்பு. தீவின் நடுப்பகுதி மலை. ஜோர்ஜ்டவுன் வடகிழக்கு முனையில் இருக்கிறது. பெருநிலத்திலிருந்து காரில் வர இரண்டே வழிகள்தான். 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலம் ஒன்று. பத்து காவானையும் பத்து மாவுங்கையும் இணைத்து 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் மற்றொன்று.

முதல் பாலம் நெரிசல் என்றதும் பலர் இரண்டாவது பாலத்துக்குத் திரும்புகிறார்கள். கடலைத் தாண்டும்வரை பயணம் சுலபமாகவே இருக்கும். ஆனால் பத்து மாவுங்கில் இறங்கி நகரத்துக்குச் செல்பவர் கிழக்குக் கடற்கரையோரத் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையையே பிடிக்கிறார். முதல் பாலத்தில் வந்தவர்களில் பெரும்பாலோரும் அதே சாலைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். பாலம் இரண்டானாலும் நகர வாசல் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு காலத்தில் மூன்றாவது வழியும் இருந்தது. பாலத்தில் கூட்டம் என்றால் பட்டர்வொர்த்தில் காரை ஃபெரியில் ஏற்றிவிடுவது பழைய வழக்கம். 2021 ஜனவரி முதல் ஃபெரியில் கார்களை ஏற்றுவதில்லை. நடந்து வருவோர், மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றுக்கு மட்டுமே இடம். பழைய நினைவில் கப்பல்துறைவரை போய், பிறகு பிறைக்குத் திரும்பிப் பாலம் ஏறுவது நேர விரயம்.

நகருக்குள் நுழைந்த பிறகு காத்திருப்பது திருவிழாவுக்கான சாலை அடைப்பு. தைப்பூசத்துக்கு முதல் நாள் அதிகாலையில் லெபு பினாங்கிலுள்ள கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளி இரதம் புறப்படும். 1894-இலிருந்து ஓடும் இரதம் அது. 2017 முதல் லெபு குயின் மகாமாரியம்மன் ஆலயத்திலிருந்து தங்க இரதமும் தண்ணீர்மலைக்குப் பயணிக்கிறது. வழிநெடுக அர்ச்சனைத் தட்டுகளும் தேங்காய் உடைப்பும் இருப்பதால் இரதம் மெல்லத்தான் நகரும். அது கடக்கும்வரை சாலைகள் மூடப்படும். தண்ணீர்மலைக்குச் செல்லும் ஜாலான் கெபுன் பூங்காவோ தாவரவியல் பூங்காவோடு முடிந்துவிடும் சாலை. உள்ளே போன வண்டி வந்த பக்கமாகவே திரும்பி வரவேண்டும்.

சரி, குறுக்கு வழியில் போகலாமா? கைப்பேசி காட்டும் அதே குறுக்கு வழியைப் பின்னால் வரும் நூறு கார்களுக்கும் அது காட்டுகிறது. சிறு தெருக்கள் சீக்கிரமே அடைபட்டுவிடும். 2008-இல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வொன்று நினைவுகூரத்தக்கது. 230 மீட்டர் வட்டப்பாதையில் 22 கார்களை ஒரே சீரான வேகத்தில் ஓடச் சொன்னார்கள். விபத்தோ தடையோ எதுவும் இல்லை. ஆனாலும் ஒருவர் சற்று வேகம் குறைத்தால் அடுத்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, சிறிது நேரத்தில் கார்கள் நின்று நின்று நகரத் தொடங்கின. வண்டிகள் நெருக்கமாக ஓடும் பாலத்தில் அடிக்கடி தடம் மாறுவதும் திடீர்ப் பிரேக்கும் பின்னால் வருவோரின் தாமதத்தைக் கூட்டுகின்றன.

கைகொடுக்கக்கூடிய வழி, காரைக் கடலுக்கு இந்தப் பக்கமே விட்டுவிடுவதுதான். பட்டர்வொர்த்தில் ரயில் நிலையம், பேருந்து நிலையம், ஃபெரித்துறை மூன்றும் அருகருகே இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து இடிஎஸ் ரயிலில் வரலாம். தைப்பிங், பாரிட் புந்தார், சுங்கை பட்டாணி பக்கத்துத் தோட்டத்து மக்களுக்குக் கொமுட்டர் ரயில் உண்டு. ஃபெரியில் தீவுக்கு வந்து இறங்கினால், இரதங்கள் புறப்படும் லெபு பினாங்கும் லெபு குயினும் நடக்கும் தூரம்தான். அங்கிருந்து தண்ணீர்மலைக்குப் பேருந்து பிடிக்கலாம். ஆனால் சாலை அடைப்பால் கடைசித் தூரத்தை நடக்க நேரிடும்.

முதியவர்களும் கைக்குழந்தையும் இருப்பதால் கார் இல்லாமல் முடியாது என்போர், சாலை அடைப்பு பற்றிய போலீஸ் அறிவிப்பைப் பார்த்துவிட்டு, இரதம் புறப்படுவதற்கு முதல் நாளே தீவுக்குள் வந்துவிடுவது நல்லது. குடிநீர், மருந்து, பிள்ளைகளுக்குத் தின்பண்டம் ஆகியவற்றைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெரியில் திரும்புவோர், போகும்போதே கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.