தேவாங்கின் ஆயுள்

"தேவாங்கு போல் முழிக்கிறாயே!" என்று வகுப்பில் வசவு வாங்காதவர் நம்மில் குறைவு. ஆனால், தேவாங்கை நேரில் கண்டவர் எத்தனை பேர்?

நான் கண்டிருக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. கரூர் மாவட்டத்துக் கடவூர் மலையடிவாரத்தில் எங்கள் அப்புச்சியின் தோட்டம். இரவில் கிளுவை வேலி மீது டார்ச் அடித்தபோது, தணல் போல இரண்டு கண்கள் மின்னின. "அபசகுனம், விரட்டுடா!" என்றார் அப்புச்சி. கல்லை எடுத்து எறிந்தேன். அது ஓடவில்லை. கிளையை இறுகப் பற்றியபடி அசையாமல் இருந்தது. அசையாதிருப்பதே அதன் தற்காப்பு என்பதை விலங்கியல் படிக்க வந்த பின்னரே அறிந்தேன்.

வாலில்லாத இந்தச் சிறு பிராணி குரங்கினத்துக்குத் தூரத்து உறவு. எடை ஏறத்தாழ கால் கிலோ. இரவெல்லாம் எறும்பு, வண்டு, நாற்றமடிக்கும் பூச்சி என அனைத்தையும் தின்னும். உழவனுக்கு இது நண்பனே!

வியப்பு அதன் ஆயுளில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒப்போசம் என்றொரு விலங்கு உண்டு, பூனையளவு இருக்கும். வயிற்றுப்பையில் ஒரே ஈற்றில் ஏழெட்டுக் குட்டிகளை வளர்க்கும். காட்டில் இரண்டாண்டு வாழ்ந்தாலே அதிகம். நம் தேவாங்கோ உள்ளங்கையில் அடங்கும். காப்பகங்களில் 12 முதல் 15 ஆண்டுகள் வரை வாழ்கிறது. ஆனால், ஐந்தரை மாதம் சுமந்து ஈனுவது ஒரு குட்டி, மிஞ்சினால் இரண்டு. சில வாரம் வயிற்றோடு சுமந்த தாய், பிறகு மாலையில் குட்டியைக் கிளையில் விட்டு இரைதேடப் போய் விடியலில் வந்து எடுத்துக்கொள்ளும். ஒன்று செத்தால் ஈடுகட்ட ஆண்டுகள் ஆகும். மாந்திரீகத்துக்கென்றும் மருந்துக்கென்றும் பிடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிவதில்லை. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இதற்கு இடமுண்டு. 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பு கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே இதுதான் முதலாவது.

சென்ற பொங்கலுக்குத் தோட்டம் போயிருந்தேன். நான் கல்லெறிந்து பத்தாண்டுகள் ஆகின்றன. அன்று அது இளங்குட்டியாக இருந்திருந்தால் இன்றும் உயிரோடிருக்கலாம். கிளுவையை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். மேற்கு மூலையில் மட்டும் பத்தடி வேலி மிச்சம். அங்கே இரவு பதினொரு மணி வரை டார்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். எதுவும் மின்னவில்லை.