பயனற்றதாய்த் தெரியும் வரிகள்

அச்சுப்பொறியையோ வருடியையோ கணினியில் இணைத்தால் மட்டும் அவை பேசத் தொடங்கிவிடுவதில்லை. நடுவில் நின்று பேச வைக்கும் மென்பொருள் ஒன்று வேண்டும். அதைச் சாதனச் செலுத்தி என்கிறோம். 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்த லினக்ஸ் கருவின் மூலநிரலில் பாதிக்கும் மேற்பட்டது இத்தகைய செலுத்திகளே. எழுதியவர் விலகி, சாதனமும் கடைகளில் இல்லாமற் போன பின்னரும் பல செலுத்திகள் அங்கே இருக்கின்றன.

இந்தப் பழைய நிரல்களுக்குத் துப்புரவுத் திருத்தங்கள் அடிக்கடி வரும். இடைவெளிகளைச் சீராக்குதல், பாவிக்கப்படாத மாறியை நீக்குதல், நீண்ட வரியை உடைத்தல் போன்றவை அவை. 'செக்பேட்ச்' என்ற சிறு நிரல் இப்படியான நடைக் குறைகளைச் சுட்டிக்காட்டும். புதியவர்கள் பலர் அதன் பட்டியலைப் பார்த்தே முதல் திருத்தத்தை அனுப்புகிறார்கள். மென்பொருள் துறையில் குறைவாக இடம்பெறும் பெண்கள் முதலானோருக்குப் பயிற்சி தரும் 'அவுட்ரீச்சி' திட்டத்தில் லினக்ஸ் கருவுக்கு விண்ணப்பிப்போரும் இப்படித்தான் தொடங்குவார்கள். நம் வயதை ஒத்த ஒருத்திக்கும் திறந்திருக்கும் கதவு இது.

சிக்கல், அந்தத் திருத்தத்தைச் சரிபார்ப்பவருக்குத்தான். சாதனம் அனுப்பியவரிடமும் இல்லை, பார்ப்பவரிடமும் இல்லை. "தொகுத்து மட்டுமே பார்த்தேன்" என்ற குறிப்போடு திருத்தம் வரும். தொகுப்பான் பிழை காட்டவில்லை என்றால், இலக்கணம் சரி என்பது மட்டுமே பொருள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். 1981இல் வந்த ஐபிஎம் தனியாள் கணினியில் 8250 என்ற தொடர்த் தொடர்பாடல் சில்லு இருந்தது. அதன் வழிவந்த சில்லுகளுக்கான செலுத்தி இன்றும் லினக்ஸில் உண்டு. தொடக்கத்தில் அது நான்கு பதிவகங்களை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கிறது. வாசித்த பெறுமானத்தை எங்கும் சேமிப்பதில்லை. சாதாரண நிரலில் இப்படி ஒன்றைக் கண்டால் யாரும் உடனே அழித்துவிடுவார்கள். ஆனால் அந்தச் சில்லில் வாசிப்பதே ஒரு செயல். நிலைப் பதிவகத்தை வாசித்தால் அதிலுள்ள பழைய பிழைக் குறிகள் நீங்கும். தேங்கி நிற்கும் குறுக்கீடும் அப்படியே. அந்த வரிகளை நீக்கினாலும் நிரல் அழகாகத் தொகுபடும். எங்கோ ஒரு பட்டறையில் பழைய இயந்திரம் ஒன்று காரணம் தெரியாமல் முரண்டு பிடிக்கும்.

காத்திருப்பு வரிகளும் அப்படித்தான். 'யூடிலே' செயலியைச் சும்மா சுழலவைத்துக் காக்கும். 'யூஸ்லீப்_ரேஞ்ச்' செயலியை வேறு வேலைக்கு விட்டுவிட்டு உறங்கும். இரண்டாவதே மேல் என்று செக்பேட்ச் ஆலோசனை சொல்லும். பெரும்பாலும் சரிதான். ஆனால் குறுக்கீட்டைக் கையாளும் இடத்தில் உறங்க அனுமதியில்லை. அங்கே மாற்றினால் முழு முறைமையுமே முடங்கக்கூடும். செக்பேட்ச் வரியைத்தான் பார்க்கிறது, அந்த வரி எங்கிருந்து அழைக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பதில்லை.

ஆகவே அனுபவமுள்ள மதிப்பாய்வாளர் ஒரு திருத்தத்தில் ஒரு வேலையை மட்டுமே கேட்பார். இடைவெளி திருத்தும்போது கூடவே ஒரு நிபந்தனையையும் மாற்றியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். நூறு வரி இடைவெளி மாற்றத்துக்குள் அந்த ஒரு மாற்றம் கண்ணில் படாது. வெறும் இடைவெளித் திருத்தத்துக்கு இன்னொரு நல்ல சோதனை உண்டு. வரி எண்கள் போன்ற வழுநீக்கத் தகவல்களைச் சேர்க்காமல், முன்னும் பின்னும் தொகுத்து, கிடைக்கும் இரு கோப்புகளையும் ஒப்பிடலாம். வித்தியாசம் இருந்தால் அது வெறும் இடைவெளித் திருத்தம் அல்ல. வரி நீக்கப்பட்டிருந்தால், அது எப்போது, எதற்காகச் சேர்க்கப்பட்டது என்று 'கிட்' வரலாற்றில் தேடுவார். பழைய வரிகளுக்கு அந்த வரலாறும் பல வேளைகளில் கிடைக்காது. அப்படியானால் வரியை விட்டுவைப்பதே நல்லது என்பது என் எண்ணம். பார்வைக்கு அழகில்லாவிட்டாலும் யாருடைய சாதனமும் நிற்கப் போவதில்லை.

2019இல் நெகிழ்வட்டுச் செலுத்தியைப் பராமரிப்பாரற்றது எனக் குறித்தார் டோர்வால்ட்ஸ். வேலை செய்யும் உண்மையான நெகிழ்வட்டு இயக்கியைத் தேடிப்பிடிப்பதே கடினமாகிவிட்டது என்றார். ஆயினும் செலுத்தியை அழிக்கவில்லை. மெய்நிகர் இயந்திரங்கள் போலி நெகிழ்வட்டு ஒன்றைக் காட்டி, இன்னும் அதைப் பாவிக்கின்றன.